பறக்கும் ஆலா ஏன் மங்கலாகவே விழுகிறது? கோதண்டராமர் கோவில் தரவையிலிருந்து ஒரு கேள்வி

ஊருணிக்கரை (ராமநாதபுரம்) | ஜனவரி 11, இரவு 8.15

வணக்கம். பறவைப் படம் எடுக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. உட்கார்ந்திருக்கும் பறவை ஓரளவுக்கு வந்துவிடுகிறது. சக்கரக்கோட்டை கண்மாயில் எடுத்த கூழைக்கடா ஒன்றைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். பறக்கிற சின்னப் பறவைதான் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

இன்று காலை ஒன்பதரை மணிக்குத் தனுஷ்கோடி சாலையில் கோதண்டராமர் கோவில் பக்கத்துத் தரவைக்கு (ஆழமில்லாத தண்ணீரும் சேறுமான கடலோர வெளி) போனேன். மீசை ஆலா (தண்ணீர் மேல் பறந்தே இரை எடுக்கும் சின்ன வெள்ளைப் பறவை) இருபதுக்கு மேல் தண்ணீர் மேல் போவதும் வருவதுமாக இருந்தன. பதினொன்றரை வரைக்கும் நின்று 640 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒன்றில்கூடக் கண் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பறவை இருக்கிறது, அவ்வளவுதான்.

கேமரா, கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 24 மெகாபிக்சல். லென்ஸ் 150-600 மி.மீ. ஜூம், எப்போதும் 600-இல். ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/1000 விநாடி, லென்ஸின் திறப்பு எஃப் 6.3, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஆட்டோ. தொடர் ஃபோகஸ், நடுப்புள்ளி ஒன்று மட்டும். கையில் பிடித்துத்தான் எடுத்தேன். பறவை 40, 45 மீட்டர் தூரத்தில் இருந்திருக்கும்.

நான்கு படங்களை வெட்டாமல் இணைத்திருக்கிறேன். கூட வந்த நண்பர் லென்ஸ்தான் கோளாறு, விற்றுவிடு என்கிறார். ஒன்றரை வருடம் சீட்டுக் கட்டி வாங்கிய லென்ஸ். விற்கத்தான் வேண்டுமா?

மதுரைக் கண் (மதுரை) | ஜனவரி 11, இரவு 8.40

லென்ஸ் இருக்கட்டும், கேமரா பாடியை மாற்றுங்கள். மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி வந்துவிட்டது. நான் மாறிய பிறகு ஃபோகஸ் தப்புவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

ஒளிப்பெட்டி (பரமக்குடி) | ஜனவரி 11, இரவு 9.30

எதையும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். நான்கு படத்தையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி, நான்கும் நான்கு வேறு வியாதி. நீங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து கேட்கிறீர்கள்.

முதல் படத்தில் பறவைக்குப் பின்னால் இருக்கும் சேற்றுத் திட்டு பளிச்சென்று இருக்கிறது. அதில் கிடக்கும் சிப்பியைக்கூட எண்ணலாம். பறவை மட்டும் மங்கல். அப்படியென்றால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபோகஸ் பறவையை விட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டது.

இரண்டாவதில் தலையும் முதுகும் பரவாயில்லை, சிறகு நுனி மட்டும் விசிறிபோல இழுபட்டிருக்கிறது. ஷட்டர் வேகம் போதவில்லை.

மூன்றாவதில் பறவையும் படுக்கைவாட்டில் இழுபட்டிருக்கிறது, பின்னால் இருக்கும் தண்ணீரும் இழுபட்டிருக்கிறது. கேமராவைத் திருப்பியிருக்கிறீர்கள், ஆனால் பறவையின் வேகத்தோடு ஒட்டித் திருப்பவில்லை.

நான்காவதுதான் முக்கியம். அதில் எதுவும் இழுபடவில்லை. ஃபோகஸும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் பறவையின் ஓரமெல்லாம் கரைந்தாற்போல இருக்கிறது, அக்கரைக் கோடு நெளிகிறது. எடுத்த நேரம் 11.20 என்று ஃபைலில் இருக்கிறது. அது கானல். எத்தனை லட்சத்துக்கு லென்ஸ் வாங்கினாலும் கானலுக்குள் கூர்மையான படம் கிடைக்காது.

இன்னொன்று. நான்கு படத்திலும் மெல்லிய பால் பூசினாற்போல ஒரு வெளிறல் இருக்கிறது. லென்ஸ் முன்னால் ஃபில்டர் ஏதும் மாட்டியிருக்கிறீர்களா?

ஊருணிக்கரை | ஜனவரி 11, இரவு 9.42

ஆமாம் அண்ணே. கண்ணாடிக்குப் பாதுகாப்பு என்று வாங்கிய இடத்தில் இலவசமாக மாட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கழற்றியதே இல்லை.

ஒளிப்பெட்டி | ஜனவரி 11, இரவு 9.50

கழற்றுங்கள். சின்ன லென்ஸில் அவ்வளவாகத் தெரியாத குறை 600-இல் பெரிதாகத் தெரியும். அதன் மேல் உப்பும் படிந்திருக்கும். பாதுகாப்புக்கு லென்ஸ் ஹூட் (முன்னால் மாட்டும் குழல்) போதும்.

உச்சிப்புளி டீச்சர் | ஜனவரி 12, காலை 6.05

ஒன்பதாம் வகுப்புக் கணக்குத்தான், ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் எந்த எண்ணை வைப்பது என்ற குழப்பம் போய்விடும்.

மீசை ஆலா அலகிலிருந்து வால் வரை ஏறக்குறைய 25 செ.மீ. உங்கள் லென்ஸில் 45 மீட்டர் தூரத்தில் அது 850 பிக்சல் நீளம் வரும். கணக்கு எளிதாக இருக்க 1000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தில் ஒரு பிக்சல் என்பது பறவை உடம்பில் கால் மில்லிமீட்டர்.

பறவை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ., டவுன் பஸ் வேகம். 1/1000 விநாடியில் அது 10 மி.மீ. நகரும். படத்தில் 40 பிக்சல். ஆலாவின் கண்ணே அவ்வளவு அகலம் இருக்காது. கண் எங்கே போனது என்று கேட்டீர்களே, அந்த 40 பிக்சலுக்குள் கரைந்துபோய்விட்டது. 1/3200 வைத்தால் 3 மி.மீ., 12 பிக்சல். கேமராவும் பறவையோடு ஒட்டித் திரும்பினால் உடம்பின் இழுப்பு ஒன்றிரண்டு பிக்சலுக்கு வந்துவிடும்.

ஆனால் சிறகு மேலும் கீழும் அடிக்கிறதே, அதைக் கேமராவைத் திருப்பி ஈடுகட்ட முடியாது. அதற்கு ஷட்டர் ஒன்றுதான் வழி. ஆலாவுக்கு 1/2500-க்குக் கீழே இறங்காதீர்கள். கொசு உள்ளான் (சேற்றில் மேயும் குட்டிக் கரைப்பறவை), தகைவிலான் (பறந்தே பூச்சி பிடிக்கும் சின்னப் பறவை) என்றால் 1/4000.

தூரத்துக்கும் ஒரு கணக்கு. 600-இல் எஃப் 6.3 வைத்தால், 45 மீட்டரில் கூர்மை நிற்கும் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். 20 மீட்டரில் ஒரு அடிக்கும் குறைவு. பறவை கிட்டே வரவர ஃபோகஸ் கடினமாகும் என்பது உண்மைதான். ஆனால் 20 மீட்டரில் அதே பறவை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வரும், நடுவில் இருக்கும் கானலும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். கஷ்டப்பட்டாலும் கிட்டே எடுப்பதுதான் லாபம்.

பாம்பன் காற்று (பாம்பன்) | ஜனவரி 12, இரவு 7.20

டீச்சர் வைத்த அந்த 10 மீட்டரை நான் பிடித்துக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். காலையில் எழுந்து வாசலுக்கு வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது காற்றைத்தான். அந்த வீட்டிலேயே வளர்ந்தும், கேமரா எடுத்த முதல் இரண்டு வருடம் நான் காற்றைப் பார்க்காமலே படம் எடுத்தேன். கிடைத்ததெல்லாம் வாலும் மங்கலும்தான்.

10 மீட்டர் என்பது காற்றுக்குள் பறவை போகும் வேகம். தரையில் நிற்கும் நமக்கு அது வேறு. விநாடிக்கு 6 மீட்டர் காற்று எதிரே அடித்தால், நம் கண்ணுக்கு ஆலா நகர்வது 4 மீட்டர். அதே ஆலா திரும்பிக் காற்றோடு போனால் 16 மீட்டர். நான்கு மடங்கு. 1/4000-இல் கிடைக்கும் உடம்புக் கூர்மை, எதிர்க்காற்றில் வரும் பறவைக்கு 1/1000-லேயே கிடைத்துவிடும். சிறகுக்காக 1/2500, 1/3200 வைக்கத்தான் போகிறீர்கள், ஆனால் உங்கள் கை செய்ய வேண்டிய வேலை நாலில் ஒரு பங்காகிவிடும்.

மீசை ஆலா மேய்வதைக் கொஞ்ச நேரம் கேமரா இல்லாமல் பாருங்கள். காற்றை எதிர்த்து, தலையைக் கவிழ்த்துத் தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாக முன்னேறும். இடையில் சட்டென்று தாழ்ந்து, அலகால் தண்ணீரைத் தொட்டு எடுக்கும். தரவையின் ஓரம் வந்ததும் வளைந்து, காற்றோடு சர்ரென்று பின்னால் போய், தொடங்கின இடத்துக்கே வந்து, மறுபடி அதே பாதை. நீங்கள் நின்ற இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொன்றும் எத்தனையோ சுற்று போயிருக்கும். பின்னால் போவதை விட்டுவிடுங்கள். எதிர்த்து வருவதை மட்டும் எடுங்கள்.

சரி, எங்கே நிற்பது? காற்றும் முதுகில், வெயிலும் முதுகில். அப்போதுதான் பறவை முகம் காட்டி, மெதுவாக, வெளிச்சம் விழும் பக்கத்தோடு வரும். நம் கரையில் இது காலத்துக்கேற்ப மாறும். இப்போது அடிப்பது வாடை, வடகிழக்கிலிருந்து வருகிறது. ஜனவரியில் சூரியன் கொஞ்சம் தெற்கே தள்ளித் தென்கிழக்கில் எழும். நடுவில் கிழக்குக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நின்றால் இரண்டும் அமைந்துவிடும். ஆகவே வாடைக் காலத்தில் காலைதான். ஜூன், ஜூலையில் கச்சான் அடிக்கும்போது தென்மேற்குக் காற்று, அப்போது மாலை நேரம், மேற்குக்கு முதுகு. கச்சான் காலத்தில் காலையில் போனால் ஒன்று வெயில் எதிரே இருக்கும், இல்லை என்றால் பறவை முதுகைக் காட்டிக்கொண்டு போகும். நாள் முழுக்க நின்றாலும் அமையாது.

காற்றின் திசை தெரியவில்லை என்றால் மணலில் உட்கார்ந்திருக்கும் கடற்காகங்களைப் பாருங்கள். இறகு கலையாமல் இருக்க எல்லாம் காற்று வரும் பக்கம்தான் அலகை வைத்திருக்கும். கூட்டத்தில் ஒன்றுகூட மாறி இருக்காது.

கானல் பற்றி ஒளிப்பெட்டி அண்ணன் சொன்னது சத்தியம். நீங்களே சோதித்துப் பாருங்கள். கரையில் கட்டிக் கிடக்கும் விசைப்படகு ஒன்றின் முகப்பில் பதிவு எண் எழுதியிருக்கும். ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கேமராவை எதன் மேலாவது அசையாமல் வைத்து அந்த எண்ணை காலை 6.50-க்கு எடுங்கள். இடத்தை விட்டு எழாமல் 10.30-க்கு மறுபடி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

மதுரைக் கண் | ஜனவரி 12, இரவு 9.10

கணக்கும் காற்றும் எனக்கும் புதுசு. என் மிரர்லெஸ்ஸிலும் அரிச்சல்முனையில் பதினொரு மணிக்கு எடுத்ததெல்லாம் வீண்தான். கண்ணைச் சுற்றிப் பச்சைக் கட்டம் ஒட்டியேதான் இருந்தது, ஆனால் படத்தில் கூர்மை இல்லை. இத்தனை நாள் அதை லென்ஸின் தலையில் போட்டுவிட்டேன். முதல் பதிலில் அவசரப்பட்டுவிட்டேன், ஊருணிக்கரை.

மிரர்லெஸ் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பறக்கும் பறவைக்கு யோசித்துப் பயன்படுத்துங்கள். பல கேமராக்களில் அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடுகிறது. என் உள்ளான் படம் ஒன்றில் சிறகு கதிரரிவாள் மாதிரி வளைந்து நிற்கிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

டிஎஸ்எல்ஆரில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துச் சின்னப் பறவையைத் தொடர்வது மிகவும் கஷ்டம். பறவை புள்ளியை விட்டு ஒரு நொடி விலகினாலும் கேமரா பின்னால் இருக்கும் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் முதல் படத்தில் அதுதான் நடந்திருக்கிறது. நடுப்புள்ளியோடு சுற்றியுள்ள புள்ளிகளும் சேர்ந்து வேலை செய்யும் முறை ஒன்று மெனுவில் இருக்கும், அதற்கு மாறுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லை ஸ்விட்ச் இருந்தால் கிட்டத் தூரத்தை வெட்டிவிடுங்கள், முன்னும் பின்னும் தேடி அலைவது குறையும்.

சாயல்குடி ஷட்டர் | ஜனவரி 13, மதியம் 1.30

இவ்வளவு யோசிக்க வேண்டாமே. உள்ளான் கூட்டம் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒருவர் நடந்தால் மொத்தமும் எழும்பும். மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் மூக்கையூர் பக்கம் அப்படித்தான் எடுத்தோம்.

காரங்காடு | ஜனவரி 13, இரவு 8.00

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கொசு உள்ளானைக் கையளவு என்று சொல்வோம், உண்மையில் கைக்குள் அடங்கிவிடும். இருபது முப்பது கிராம் எடை. ஆர்க்டிக் துந்திராவில் குஞ்சு பொரித்துவிட்டு அங்கிருந்து நம் கரைக்கு வருகிறது. மார்ச், ஏப்ரலில் அவ்வளவு தூரமும் திரும்பப் பறக்க வேண்டும். அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. தண்ணீர் வற்றும்போது தின்னும், பெருகும்போது மேடான மணலில் கூட்டமாக உட்கார்ந்து ஓய்வெடுக்கும். நீங்கள் எழுப்புவது அந்த ஓய்வை. ஒரு நாளைக்கு நான்கு வண்டி நிறுத்தி நான்கு பேர் எழுப்பினால் அது சேர்த்ததெல்லாம் பறந்தே தீர்ந்துவிடும்.

நான் பல வருடமாக இந்தக் கரையில் உள்ளான்களை எண்ணிக் குறித்து வருகிறேன். கூட்டம் உட்காரும் ஒரு மணல்திட்டில் ஆட்கள் வரத்து கூடினால், அடுத்த வருடம் அங்கே வருவது குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படமாகப் பார்த்தாலும் அது தோல்விதான். பயந்து எழும்பும் பறவை உங்களை விட்டு விலகித்தான் பறக்கும். கிடைப்பது வாலும் முதுகும். உட்கார்ந்து காத்திருந்தால், தண்ணீர் பெருகும்போது அவையே மேட்டைத் தேடி உங்கள் பக்கம் பறந்து வரும், முகத்தைக் காட்டிக்கொண்டு, கால்களை நீட்டி இறங்கும். அதைவிட நல்ல படம் வேறு என்ன இருக்கிறது?

தனுஷ்கோடியில் 2025-இல் பூநாரை சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். பலகையும் எல்லையும் பார்த்து நில்லுங்கள், சந்தேகம் வந்தால் வனத்துறையினரிடம் கேளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. கோடையில் சின்ன ஆலா வெறும் மணலில்தான் முட்டையிடும். முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரை, மேலே ஆலா கத்திக்கொண்டே சுற்றினால் வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வெளியே வந்துவிடுங்கள்.

சாயல்குடி ஷட்டர் | ஜனவரி 13, இரவு 8.35

ஒத்துக்கொள்கிறேன். எங்கள் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் வால்தான். இனிமேல் செய்ய மாட்டோம், கூட வருபவர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

பாம்பன் காற்று | ஜனவரி 14, இரவு 10.15

பொங்கல் வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

கை பழகுவதற்கு ஆலாவில் தொடங்காதீர்கள். பாம்பனில் மீன் இறங்கும் கரைக்கு வாருங்கள். செம்பருந்து தலைக்கு மேலேயே வட்டமிடும். பெரிய பறவை, நிதானமாகத் திரும்பும். ஒரு வாரம் அதை மட்டும் எடுங்கள். அடுத்து பழுப்புத்தலைக் கடற்காகம். அப்புறம் பெரிய கொண்டை ஆலா. அதன் பிறகு மீசை ஆலாவுக்கு வாருங்கள்.

நிற்கும்போது பறவை வந்து சேரப்போகும் பக்கம் பாதங்களை வையுங்கள். இடுப்பை மட்டும் திருப்பி அது வரும் பக்கம் பாருங்கள். பறவை வரவர இடுப்பு தானாக நேராகும், படம் எடுக்க வேண்டிய இடத்தில் உடம்பு தளர்ந்து நேராக இருக்கும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொடங்கும்போது நேராக நின்று, பறவை கிட்டே வரும்போது முறுக்கிக்கொள்கிறார்கள்.

600-இல் வைத்துக்கொண்டு வானத்தில் துழாவாதீர்கள். 250, 300-இல் பறவையைப் பிடித்து, கட்டத்துக்குள் வந்த பிறகு நீட்டுங்கள். இடது கையை லென்ஸின் முன்பக்கம் தள்ளிப் பிடியுங்கள், முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஷட்டரை அழுத்துவதற்கு முன் இரண்டு விநாடியாவது பறவையோடு சேர்ந்து வாருங்கள். அழுத்தின பிறகும் நிறுத்தாமல் கொஞ்ச தூரம் கூடவே போங்கள். அழுத்தின கணமே கை நின்றுவிடுவதால்தான் உங்கள் மூன்றாவது படம் அப்படி ஆனது.

முடிந்தால் உட்காருங்கள். நான் பனையோலைப் பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போவேன். தரையோடு தரையாக ஒருவன் உட்கார்ந்திருந்தால் பறவைகள் கால் மணி நேரத்தில் பழகிவிடுகின்றன. ஒரு தடவை கல்திருப்பி உள்ளான் ஒன்று என் பாயின் ஓரத்துக்கே வந்து, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று ஓலையை அலகால் நெம்பிப் பார்த்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஊருணிக்கரை | ஜனவரி 18, மதியம் 12.20

எல்லோர் பேச்சையும் கேட்டு இன்று போனேன். செக்போஸ்ட் தாண்டி அங்கே சேரும்போது 6.45. ஃபில்டரைக் கழற்றிவிட்டேன். ஷட்டர் 1/3200. கிழக்குக்கு முதுகு.

முதலில் படகு எண். நேற்றே மண்டபம் கரையில் எடுத்துவிட்டேன். காலையில் எடுத்ததில் எண்ணின் மேல் பெயிண்ட் உரிந்து செதில் செதிலாக நிற்பதுகூடத் தெரிகிறது. 10.30-க்கு எடுத்ததில் 3 எது, 8 எது என்றே சொல்ல முடியவில்லை. அதே படகு, அதே லென்ஸ், நான் எழுந்திருக்கவே இல்லை. என் மனைவியிடம் இரண்டையும் காட்டினேன். "அப்போ லென்ஸை விற்க வேண்டாம்தானே?" என்று கேட்டாள்.

இன்று 210 படம். அதில் 9-இல் கண் தெரிகிறது! இரண்டு வருடத்தில் முதல் தடவை.

இன்னும் இரண்டு தொல்லை. பறவை தண்ணீரைத் தொடக் கீழே இறங்கும்போது ஃபோகஸ் தண்ணீருக்குத் தாவிவிடுகிறது. அப்புறம், வெள்ளை இறகு சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிடுகிறது, உள்ளே இறகு வரி தெரிவதில்லை.

மதுரைக் கண் | ஜனவரி 18, மதியம் 2.00

முதல் தொல்லைக்கு: தொடர் ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் அடுத்த பொருளுக்குத் தாவ வேண்டும் என்பதற்கு மெனுவில் ஓர் அளவு இருக்கும். அதைத் தாமதம் பக்கம் தள்ளி வையுங்கள். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொள்வதும் உதவும். பறவை தண்ணீரை நெருங்கும்போது கட்டைவிரலை எடுத்துவிட்டால் கடைசியாகப் பிடித்த தூரத்திலேயே நிற்கும், குறுக்கே போகும் பறவைக்கு அது போதும்.

உச்சிப்புளி டீச்சர் | ஜனவரி 18, மாலை 5.30

இரண்டாவதற்கு: இருண்ட தண்ணீர் பின்னால் இருக்கும்போது கேமரா வெளிச்சம் போதாது என்று நினைத்துக் கூட்டிவிடுகிறது. பறவை வானத்துக்கு வந்ததும் அளவை மாற்றிக்கொள்கிறது. வெயில் மாறாதவரை பறவை மேல் விழும் வெளிச்சம் மாறவில்லையே. ஆகவே ஆட்டோ ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு மூன்றையும் நீங்களே வையுங்கள். நல்ல வெயிலில் 1/3200, எஃப் 6.3 என்றால் ஐஎஸ்ஓ 400, 500 போதும். விடிந்த அரை மணி நேரத்தில் 1250 அல்லது 1600 வேண்டியிருக்கும். ஒரு படம் எடுத்து, வெள்ளை எரிந்திருக்கிறதா என்று பார்த்து, எரிந்திருந்தால் ஒரு படி இறக்குங்கள். வெயில் ஏற ஏற ஐஎஸ்ஓவை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள். ரா ஃபைலாக (கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் வடிவம்) எடுங்கள்.

ஒளிப்பெட்டி | ஜனவரி 18, இரவு 9.00

வீட்டுக்கு வந்ததும் கேமராவைத் துடைத்தீர்களா? முதலில் காற்றடித்து மணலைத் தள்ளிவிட்டு, குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸின் உடம்பைத் துடைக்க வேண்டும். உப்பு வெறும் துணியில் போகாது, தேய்க்கத்தான் செய்யும். நான் ஒரு கல்யாண ஜோடியைத் தனுஷ்கோடியில் படம் எடுக்கப் போனபோது, காற்றில் நின்றுகொண்டே லென்ஸ் மாற்றினேன். இன்றைக்கும் அந்த ஜூம் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்று சத்தம் வரும். கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள், வண்டிக்குள் மாற்றுங்கள்.

வண்டி என்றதும் இன்னொன்று. ஏசி ஓடும் காரின் கண்ணாடியை இறக்கி அதன் வழியே எடுக்காதீர்கள். உள்ளே குளிர், வெளியே சூடு, ஜன்னல் வாசலிலேயே காற்று கலங்கும். லென்ஸும் பனி பூத்துவிடும்.

தேவிபட்டினம் பனை | ஜனவரி 20, இரவு 7.45

ஆலா சரி, தகைவிலானையும் பஞ்சுருட்டானையும் யாரும் தொடவில்லையே. கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தால் இரண்டும் கண்மாய்க்குக் கண்மாய் இருக்கிறது.

பச்சைப் பஞ்சுருட்டான் நமக்கு உதவி செய்யும் பறவை. சீமைக் கருவேலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காய்ந்த குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்து, பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். போகும்போது எடுக்க முயலாதீர்கள். திரும்பி இறங்குவதற்கு முன் சிறகை விரித்து வேகத்தைக் குறைக்கும் அந்தக் கணம்தான் நமக்கு. குச்சியின் நுனியில் ஃபோகஸை வைத்துவிட்டு, காற்று போகும் பக்கம் ஒரு முழம் இடம் விட்டுக் காத்திருங்கள். எதிர்க்காற்றில்தான் இறங்கும்.

தகைவிலான் வேறு மாதிரி. ஊருணியில் தண்ணீர் குடிக்க வரும்போது வாயைத் திறந்து தண்ணீரைக் கீறிக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணி நேரம் கேமராவைத் தொடாதீர்கள்.

பனை உழவாரன் மட்டும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் பனங்காட்டில் ஓலைக்கு அடியில் எச்சிலால் கூட்டை ஒட்டிக் குடியிருக்கிறது. சாயங்காலம் ஓலைக்குள் நுழைவதைத் தினம் பார்க்கிறேன். கேமராவைத் தூக்குவதற்குள் உள்ளே போயிருக்கும். நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காரங்காடு | ஜனவரி 21, காலை 6.30

இதையெல்லாம் படித்தபோது ஒன்று தோன்றியது. கூர்மை அழகுக்காக மட்டும் இல்லை. சின்ன ஆலாவையும் சாண்டர்ஸ் ஆலாவையும் கோடை இறகில் பிரிப்பதற்குச் சிறகின் வெளி இறகுகளில் எத்தனை கறுப்பு என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்போம். சாண்டர்ஸில் கறுப்பு கூடுதல். தொலைநோக்கியில் பறக்கும்போது எண்ணுவது மிகக் கடினம். சிறகு விரிந்த கூர்மையான படம் ஒன்று இருந்தால் எண்ணிவிடலாம். நீங்கள் கை பழகிவிட்டால் ஏப்ரலில் தூரத்திலிருந்தே எனக்கு நான்கு படம் எடுத்துத் தர வேண்டும்.

ஊருணிக்கரை | பிப்ரவரி 1, இரவு 8.50

படம் இணைத்திருக்கிறேன். இன்று காலை 7.20. கோதண்டராமர் கோவில் தரவை, ஓலைப்பாயில் உட்கார்ந்து. 1/3200, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 1000. பறவை 20 மீட்டருக்குள்.

முக்கால் மணி நேரம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பாம்பன் அண்ணன் சொன்னபடியே ஒன்று என் வலப்பக்கத் திட்டில் தொடங்கி எதிர்க்காற்றில் என்னை நோக்கி வந்து, இடப்பக்கமாக வளைந்து திரும்பியது. ஆறு சுற்று எண்ணினேன். ஏழாவதில் எடுத்தேன். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, அப்போதுதான் தொட்டு எழும்புகிறது. அலகில் ஏதோ குட்டி மீன், அதன் கண்ணும் தெரிகிறது. ஆலாவின் கண்ணுக்குள் சூரியன் ஒரு வெள்ளைப் புள்ளியாக இருக்கிறது. அலகிலிருந்து சொட்டிய துளி மூன்று, ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கிறது. வலது சிறகின் நுனி மட்டும் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது.

லென்ஸை விற்கச் சொன்ன நண்பருக்கும் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு தானும் வருகிறேன், பாய் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்.

பாம்பன் காற்று | பிப்ரவரி 1, இரவு 9.25

தம்பி, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவிடமும் காட்டினேன். மீனைப் பார்த்தவுடன் "நெத்திலி மாதிரி இருக்கு" என்றார். நுனிச் சிறகு இழுபட்டது ஒரு குறையே இல்லை, அது அடித்துக்கொண்டிருந்தது என்று அதனால்தான் தெரிகிறது.

ஞாயிறு வரும்போது நண்பரையும் 6.30-க்கே வரச் சொல்லுங்கள். வாடை இன்னும் சில வாரம் இருக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று குந்துகால் பக்கம் தினமும் வருகிறது. நடுவானில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும், தலை மட்டும் அசையவே அசையாது. எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுகிறேன்.

காரங்காடு | பிப்ரவரி 1, இரவு 9.40

ஏப்ரல் நான்கு படம். மறந்துவிடாதீர்கள்.